அந்தக் கொண்டோவில் எத்தனை வருடம் இருக்கலாம்?

நீங்கள் முக்கியமாகக் கேட்டவை இரண்டு. ரொறன்ரோவில் ஸ்காபரோ ரவுன் சென்ரருக்குப் பக்கத்தில் ஒரு படுக்கையறையும் ‘டென்’ என்ற சிறு அறையும் உள்ள கொண்டோவுக்கு (மாடிக் கட்டிடத்தில் தனியார் ஒருவருக்குச் சொந்தமான வீடு) மாதம் 2,300 டொலர் நியாயமான வாடகையா என்பது ஒன்று. வீட்டுக்காரர் முதல் மாத வாடகை, கடைசி மாத வாடகை, சேதம் வந்தால் கழித்துக்கொள்ள இன்னொரு மாத வாடகை, கூடவே 12 பின்திகதியிட்ட காசோலைகள் கேட்கிறார், கொடுக்கலாமா என்பது மற்றது. ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: மகள் செப்டம்பரில் பாலர் வகுப்புக்குப் போகிறாள், இப்போதிருக்கும் பேஸ்மென்ட்டை விட்டுக் கிளம்பினால் அதற்குப் பிறகு அவளைப் பள்ளிக்கூடம் மாற்றக்கூடாது என்று. எனக்கு அதுதான் உண்மையான கேள்வியாகத் தெரிகிறது. இந்த வீட்டில் மூன்று நான்கு வருடம் நிலைத்து இருக்க முடியுமா? மற்ற இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் இந்தக் கேள்வியை வைத்தே பார்க்கப்போகிறேன்.

நான் ஒன்ராறியோவில் உரிமம் பெற்ற பராலீகல், அதாவது சட்டத்தரணி அல்லாத சட்டப் பிரதிநிதி. பதினாறு வருடங்களாக வாடகைத் தகராறுகளில் தீர்ப்பாயத்தின் முன் நிற்கிறேன். பெரும்பாலும் குடியிருப்பவர்களுக்காக, சில வேளை வீட்டுக்காரர்களுக்காக. வீடு விற்கும் முகவர் அல்ல, கட்டிடப் பொறியியலாளரும் அல்ல. நீங்கள் பார்த்த கட்டிடத்தின் உள்விதிகளை நான் வாசிக்கவில்லை. எனவே சட்டத்தில் எழுதியிருப்பதை உறுதியாகச் சொல்வேன். மற்றதை என் அனுபவம் என்று சொல்லியே சொல்வேன்.

உறுதியானதில் தொடங்குகிறேன். சேதத்துக்கென்று வைப்புப்பணம் வாங்க ஒன்ராறியோவில் எந்த வீட்டுக்காரருக்கும் உரிமை இல்லை. 2006ஆம் ஆண்டு வதிவிட வாடகைச் சட்டத்தின்படி அவர் வாங்கக்கூடிய வைப்பு, அதிகபட்சம் ஒரு மாத வாடகை. அதையும் கடைசி மாத வாடகையாகக் கழிக்க மட்டுமே பயன்படுத்தலாம். சுவரில் கீறல், கம்பளத்தில் கறை என்று அதில் கைவைக்க முடியாது. அது அவரிடம் இருக்கும் காலம் முழுவதும் ஆண்டுதோறும் உங்களுக்கு வட்டி தரவேண்டும். வட்டி வீதம் அந்த ஆண்டின் வாடகை உயர்வு வழிகாட்டி வீதமே. சாவிக்கும் கதவு திறக்கும் ‘ஃபொப்’புக்கும் வைப்பு வாங்கலாம், ஆனால் புதிது செய்ய ஆகும் செலவுக்கு மேல் வாங்கக்கூடாது, நீங்கள் திருப்பிக் கொடுக்கும்போது அவரும் திருப்பித் தரவேண்டும். பின்திகதியிட்ட காசோலைகளை நீங்களாக விரும்பிக் கொடுக்கலாம். கொடுத்தால்தான் வீடு என்று அவர் கட்டாயப்படுத்த முடியாது. பணமாகக் கொடுத்தால் ரசீது கேளுங்கள். கேட்டால் இலவசமாகத் தருவது அவர் கடமை.

சட்டத்தைச் சொல்வது எளிது, அதைச் சொன்னதும் வீடு கைநழுவிப் போய்விடுமே என்ற உங்கள் பயமும் எனக்குப் புரிகிறது. ஸ்காபரோவில் வாடகைக்கு விடுகிற நம்மவர்கள் பலர் ஊர் வழக்கப்படி ‘அட்வான்ஸ்’ கேட்கிறார்கள்; இது சட்டமீறல் என்று உண்மையிலேயே தெரியாதவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எடுத்த எடுப்பில் சட்டப் பிரிவைக் காட்டினால் உறவு முதல் நாளே கசந்துவிடும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “அண்ணை, முதல் மாதமும் கடைசி மாதமும் இன்றைக்கே வங்கி வரைவாகத் தருகிறேன். சேதத்துக்குப் பணம் வாங்கினால் உங்களுக்குத்தான் பின்னால் சிக்கல். அதற்குப் பதிலாக நான் வாடகைதாரர் காப்புறுதி எடுத்துப் பத்திரத்தின் பிரதி தருகிறேன்.” இது வெறும் சமாதானப் பேச்சு அல்ல. கொண்டோவில் உங்கள் சலவை இயந்திரக் குழாய் வெடித்துக் கீழே மூன்று மாடிக்குத் தண்ணீர் இறங்கினால், கட்டிடத்தை நடத்தும் கூட்டுத்தாபனம் அந்தச் செலவை உரிமையாளர் தலையில் போடலாம். அவர் உங்களைத் தேடி வருவார். 2,300 டொலர் வைப்பு அந்த இழப்பில் ஒரு மூலைக்கும் காணாது. மாதம் சில பத்து டொலரில் கிடைக்கும் பொறுப்புக் காப்புறுதிதான் அவரையும் காக்கும், உங்களையும் காக்கும்.

இதே இடத்தில் உறுதியில்லாத ஒன்றும் இருக்கிறது. புதிதாக வந்தவர்கள், கனடாவில் கடன் வரலாறு இல்லாதவர்கள், “ஆறு மாத வாடகையை முன்கூட்டியே தருகிறேன்” என்று தாங்களாகவே சொல்வது ரொறன்ரோவில் சாதாரணமாக நடக்கிறது. வீட்டுக்காரர் கேட்டு வாங்கினால் அது தவறு. வாடகைதாரர் உண்மையிலேயே தானாக முன்வந்து கொடுத்தால் என்ன என்பதில் எனக்கு ஒரே சொல்லில் பதில் இல்லை. யார் முதலில் வாய் திறந்தார்கள் என்பதை வைத்தே வாதாட வேண்டியிருக்கும். என் ஆலோசனை, அந்த வழியில் போகாதீர்கள் என்பதே. ஆறு மாதப் பணம் அவர் கையில் இருக்கும்போது, வெப்பமூட்டி வேலை செய்யவில்லை என்று நீங்கள் சொன்னால் அவர் காதில் அது மெதுவாகவே விழும்.

இனி, கொண்டோ என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பேஸ்மென்ட்டிலிருந்து வருபவர்களுக்கு இங்கேதான் அடி சறுக்குகிறது. பேஸ்மென்ட்டில் உங்களுக்கு மேலே இருப்பவர் ஒருவர்: வீட்டுக்காரர். கொண்டோவில் இரண்டு பேர். உங்கள் கதவுக்கு உள்ளே இருப்பது ஒரு தனி மனிதரின் சொத்து. கதவுக்கு வெளியே நடைபாதை, லிஃப்ட், வாகனத் தரிப்பிடம், குழாய்த் தொகுதி எல்லாம் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பு. நீங்கள் வாடகை கொடுப்பது முதலாமவருக்கு. கீழ்ப்படிய வேண்டிய விதிகளை எழுதுவது இரண்டாமவர். 1998ஆம் ஆண்டுக் கொண்டோமினியச் சட்டப்படி வாடகைதாரரும் கட்டிடத்தின் பிரகடனம், உபவிதிகள், விதிகள் அனைத்துக்கும் கட்டுப்பட்டவர். அவற்றின் பிரதியை உங்களிடம் தருவதும், வாடகைக்கு விட்ட பத்து நாளுக்குள் உங்கள் பெயரைக் கூட்டுத்தாபனத்துக்கு அறிவிப்பதும் உரிமையாளர் செய்ய வேண்டியவை. அந்தப் பிரதியைக் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். நாற்பது ஐம்பது பக்கம் இருக்கும். எல்லாவற்றையும் வாசிக்காவிட்டாலும் குடிபுகும் நடைமுறை, வாகனம், பல்கனி, சத்தம் ஆகியவற்றைப் பற்றிய பக்கங்களை வாசியுங்கள்.

நான் இதை அனுபவத்தில் கற்றேன். முதன்முதலில் கொண்டோவுக்குக் குடிபோனது ஒரு சனிக்கிழமை. லொறியில் கட்டிலும் மெத்தையும் ஏற்றிக்கொண்டு நண்பர்களோடு வாசலில் நிற்கிறேன். சரக்கு லிஃப்டை முன்பதிவு செய்யவில்லை என்பதால் காவல் மேசையில் இருந்தவர் உள்ளே விடவில்லை. மாத முடிவு என்பதால் அடுத்த மூன்று நாளும் பதிவாகிவிட்டது. மனைவி ஏழு மாதக் கர்ப்பிணி. ஒரு நண்பரின் வீட்டு வரவேற்பறையில் மூன்று இரவு படுத்தோம். உரிமையாளருக்கு அந்த விதி தெரியும். எனக்குச் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. லிஃப்டை எத்தனை நாள் முன் பதிவு செய்யவேண்டும், வைப்பு எவ்வளவு, ஞாயிறு அனுமதி உண்டா என்பது கட்டிடத்துக்குக் கட்டிடம் மாறும். முகாமை அலுவலகத்துக்கு நீங்களே ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தால் தெரிந்துவிடும்.

இப்போது உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். கொண்டோவில் நிலைத்து இருக்க முடியுமா என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. முதலாவது, வாடகை எவ்வளவு வேகமாக ஏறலாம் என்பது. ஒன்ராறியோவில் 2018 நவம்பர் 15 என்ற திகதியை மனதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாளிலோ அதற்கு முன்போ கட்டிடத்தின் ஏதாவது ஒரு பகுதியில் மக்கள் குடியிருந்தால், அங்கே வாடகைக் கட்டுப்பாடு உண்டு. அதற்குப் பிறகே முதன்முதலில் ஆட்கள் குடியேறிய கட்டிடமானால், இல்லை. கட்டுப்பாடு உள்ள வீட்டில் ஆண்டுக்கு ஒருமுறை, 90 நாள் எழுத்து மூல அறிவித்தல் கொடுத்து, மாகாணம் அறிவிக்கும் வீதத்துக்குள்தான் உயர்த்தலாம். அந்த வீதம் 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் 2.5 சதவீதம், 2026க்கு 2.1 சதவீதம். 2,300 டொலரில் 2.1 சதவீதம் என்றால் 48 டொலர் 30 சதம். கட்டுப்பாடு இல்லாத வீட்டிலும் ஆண்டுக்கு ஒருமுறை, 90 நாள் அறிவித்தல் என்ற விதிகள் உண்டு. ஆனால் தொகைக்கு மேல்வரம்பு இல்லை. 300 டொலர் ஏற்றலாம், 500ம் ஏற்றலாம். ஆளை வெளியேற்ற நினைக்கும் வீட்டுக்காரருக்கு அதைவிடச் சுலபமான வழி கிடையாது. மகளின் பள்ளியை முக்கியமாக நினைக்கும் குடும்பத்துக்குப் புத்தம் புதுக் கட்டிடத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன், உடற்பயிற்சிக் கூடம் எவ்வளவு மினுங்கினாலும்.

கட்டிடத்தின் வயதை எப்படி அறிவது? ஒவ்வொரு கொண்டோவுக்கும் ஒரு கூட்டுத்தாபன எண் உண்டு. அந்த எண்ணுக்கு முன்னுள்ள எழுத்துகளைப் பாருங்கள். எம்.ரி.சி.சி. (MTCC) என்று தொடங்கினால் மெட்ரோபொலிட்டன் ரொறன்ரோ காலத்தது, பழைய கட்டிடம். ரி.எஸ்.சி.சி. (TSCC) என்றால் புதிய கொண்டோமினியச் சட்டம் 2001இல் நடைமுறைக்கு வந்த பிறகு பதிவானது. ரி.எஸ்.சி.சி. எல்லாமே 2018க்குப் பிந்தியவை என்று நினைத்துவிடாதீர்கள், பெரும்பாலானவை முந்தியவையே. ஒன்ராறியோ கொண்டோமினிய அதிகாரசபையின் இணையத்தளத்தில் உள்ள பொதுப் பதிவேட்டில் எண்ணை இட்டுத் தேடினால் கூட்டுத்தாபனத்தின் விவரங்களும் இயக்குநர் சபையும் முகாமை நிறுவனமும் தெரியும். லீ சென்ரர் டிரைவ், கோர்ப்பரேட் டிரைவ் பக்கத்தில் உள்ள கோபுரங்களில் பல 2018க்கு வெகு முன்பே எழுந்தவை. நீங்கள் பார்த்தது அவற்றில் ஒன்றானால் இந்த வகையில் நிம்மதி.

இரண்டாவது விஷயம் உரிமையாளரின் மனது. இங்கே சட்டம் பாதி தூரம்தான் கூட வரும். உங்கள் ஒரு வருட ஒப்பந்தம் முடிந்ததும் வெளியேற வேண்டும் என்று சிலர் சொல்வார்கள், தவறு. அது தானாகவே மாதாந்த வாடகையாகத் தொடரும், விதிகள் அப்படியே இருக்கும். வீட்டை விற்றாலும் உங்கள் வாடகை உரிமை வீட்டோடு போகும், புதியவர் உங்கள் வீட்டுக்காரராகிறார். ஆனால் உரிமையாளரோ, அவருடைய துணையோ, பிள்ளையோ, பெற்றோரோ, அவர்களைப் பராமரிப்பவரோ உண்மையிலேயே குடிவர விரும்பினால், என்-12 என்ற படிவத்தில் 60 நாள் அறிவித்தல் கொடுக்கலாம். ஒப்பந்தக் காலத்தின் நடுவில் அல்ல, முடிவில். வாங்குபவர் குடிவருவதாக இருந்தாலும் அதே படிவம். உரிமையாளர் தனக்காகவோ குடும்பத்துக்காகவோ கேட்டால், குறைந்தது ஒரு வருடம் அங்கே வசிக்கும் எண்ணம் இருக்கவேண்டும். அவர் உங்களுக்கு ஒரு மாத வாடகையை இழப்பீடாகத் தரவேண்டும் என்பது இதுவரை நான் நடத்திய வழக்குகளின் விதி. 2025 நவம்பரில் நிறைவேறிய திருத்தச் சட்டம், 120 நாள் அறிவித்தல் கொடுப்பவருக்கு அந்த இழப்பீட்டிலிருந்து விலக்கு தர வழி செய்திருக்கிறது. ஆகவே அறிவித்தல் கையில் வரும் நாளில் எந்த விதி நடப்பில் உள்ளது என்று பார்த்துத்தான் யாரும் உங்களுக்குப் பதில் சொல்லவேண்டும்.

என்-12 வந்தது என்பதற்காக அன்றே பெட்டி கட்டவேண்டியதில்லை. வெளியேற்றும் கட்டளை போடுவது வீட்டு உரிமையாளர் - வாடகைதாரர் தீர்ப்பாயம் மட்டுமே, அதை நிறைவேற்றுவது ஷெரிஃப் அலுவலகம் (நீதிமன்றக் கட்டளைகளை நிறைவேற்றும் அலுவலகம்) மட்டுமே. பூட்டை மாற்றும் அதிகாரம் வீட்டுக்காரருக்கு இல்லை. தீர்ப்பாயத்தில் தேங்கிக் கிடக்கும் வழக்குகள் பற்றி மாகாண ஒம்புட்ஸ்மன் (மக்களின் முறைப்பாடுகளை விசாரிப்பவர்) 2023 மே மாதம் அறிக்கையே வெளியிட்டார். அப்போது தேங்கியிருந்தவை 38,000க்கும் மேல். அந்தத் தாமதத்தால் இரு பக்கமும் நொந்துபோனவர்களை நான் அறிவேன். அதை நம்பி வாழ்க்கையைத் திட்டமிடாதீர்கள். ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு எட்டு மாதம் விசாரணைக்குக் காத்திருப்பது வெற்றி அல்ல.

ஆகவே நல்ல உரிமையாளரைத் தேடுவதே நல்ல பாதுகாப்பு. வீடு பார்க்கப் போகும்போது பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள்: எத்தனை வருடமாக இந்த வீடு உங்களிடம் இருக்கிறது? முன்பு குடியிருந்தவர்கள் எவ்வளவு காலம் இருந்தார்கள், ஏன் போனார்கள்? வீட்டுக் கடன் எப்போது புதுப்பிக்க வருகிறது? கடைசிக் கேள்வி துடுக்காகத் தோன்றலாம். ஆனால் 2020, 2021இல் மிகக் குறைந்த வட்டியில் ஐந்து வருடக் கடன் எடுத்து முதலீடாக வாங்கியவர்கள், புதுப்பிக்கும்போது கூடிய வட்டிக்குத் தள்ளப்படுகிறார்கள். அவர்களில் பலர் விற்கத்தான் பார்க்கிறார்கள். பதினைந்து வருடமாக ஒரே வீட்டை வைத்திருந்து, முந்தைய குடும்பம் ஆறு வருடம் இருந்தது என்று சொல்பவர் 100 டொலர் கூடக் கேட்டாலும் நான் அவரிடமே போவேன். ஒப்பந்தத்தோடு சேர்த்து என்-11 என்ற தாளிலும் கையெழுத்துக் கேட்டால் மட்டும் போடாதீர்கள். இருவரும் சம்மதித்து வாடகையை முடிப்பதற்கான படிவம் அது. வீடு தருவதற்கு நிபந்தனையாக அதை முன்கூட்டியே வாங்கிவைக்க அவருக்கு உரிமையில்லை.

உரிமையாளரின் பணநிலை உங்களைத் தொடும் இன்னொரு வழியும் உண்டு, பலருக்குத் தெரியாதது. சில வருடங்களுக்கு முன் ஒரு அம்மா நடுங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். கையில் சட்டத்தரணி ஒருவரின் கடிதம்: இனி வாடகையை உரிமையாளருக்குக் கொடுக்காமல் கட்டிடக் கூட்டுத்தாபனத்துக்கே கட்டவேண்டும் என்று. மோசடி என்று அவர் நினைத்தார். உரிமையாளரோ தொலைபேசியில் “அதைக் கிழித்துப் போடுங்கள்” என்றார். கடிதம் உண்மையானது. உரிமையாளர் மாதாந்தப் பராமரிப்புக் கட்டணத்தைக் கட்டாமல் விட்டால், கூட்டுத்தாபனம் எழுத்து மூலம் அறிவித்து வாடகையைத் தனக்கே செலுத்தச் சொல்லலாம். கொண்டோமினியச் சட்டத்தில் அதற்கு இடமுண்டு. அப்படிச் செலுத்தியது வாடகை செலுத்தியதாகவே கருதப்படும். அந்த அம்மா கடிதத்தில் சொன்னபடி கட்டினார், ஒவ்வொரு ரசீதையும் வைத்திருந்தார், பின்னால் உரிமையாளர் வாடகை பாக்கி என்று போட்ட வழக்கு நிற்கவில்லை. இப்படிக் கடிதம் வந்தால் முதலில் முகாமை அலுவலகத்துக்கு நேரில் போய் உறுதி செய்யுங்கள், கிழிக்காதீர்கள்.

பணம் கொடுக்குமுன் இன்னொன்றையும் உறுதி செய்யவேண்டும்: அவர்தான் உரிமையாளரா? குறுகிய காலத்துக்கு ஒரு கொண்டோவை எடுத்து, அதே வீட்டை ஐந்தாறு பேருக்குத் தன் வீடாகக் காட்டி, ஒவ்வொருவரிடமும் இரண்டு மாதப் பணம் வாங்கிக்கொண்டு மறைவது நடந்திருக்கிறது. சாவி கையில் இருப்பது சான்று அல்ல. மாகாணத்தின் ஒன்லேண்ட் இணையத்தளத்தில் சிறிய கட்டணத்துக்கு அந்த அலகின் நிலப் பதிவேட்டை எடுக்கலாம். உரிமையாளரின் பெயர், அதன்மேல் உள்ள அடமானங்கள் எல்லாம் இருக்கும். பெயரை அவருடைய அடையாள அட்டையோடு ஒப்பிடுங்கள். நேர்மையானவர் கோபிக்க மாட்டார். முகவர் மூலம் எடுத்தால் முற்பணம் முகவர் நிறுவனத்தின் நம்பிக்கைக் கணக்குக்குப் போகவேண்டும், முகவரின் சொந்தப் பெயருக்கு அல்ல.

வீட்டுக்குள் எதைப் பார்ப்பது? கிரனைட் மேடையையும் யன்னல் வழியே தெரியும் காட்சியையும் எல்லோரும் பார்ப்பார்கள். நான் முதலில் யன்னலைத் திறந்து மடக்கிய கையை வெளியே நீட்டிப் பார்ப்பேன். ரொறன்ரோ நகர விதிப்படி, நிலத்திலிருந்து இரண்டு மீற்றருக்கு மேலுள்ள யன்னல்கள் பத்து சென்ரிமீற்றருக்கு மேல் திறக்காதபடி தடுப்பு இருக்கவேண்டும். நான்கு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் அந்தச் சிறிய தடுப்பு கழன்றிருந்தால், பூட்டிய நிலையில் பார்த்துவிட்டு வருபவருக்குத் தெரியாது. கழன்றிருந்தால் குடிபுகும் முன் பொருத்தித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். பல்கனியில் கம்பிக்குப் பக்கத்தில் நாற்காலி போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

அடுத்து, சலவை இயந்திர அலுமாரிக்குள் அல்லது குளியலறைத் தொட்டிக்குக் கீழே, சுவரிலிருந்து குழாய் வெளிவரும் இடத்தைக் கைவிளக்கடித்துப் பாருங்கள். ஒரு குழாய் செம்மஞ்சளும் மற்றது நீலமுமாக, பித்தளை இணைப்புகளோடு இருந்தால் அது கிட்டெக் என்ற வகைக் குழாயாக இருக்கலாம். குழாயில் பெயரே அச்சடித்திருக்கும். 1995 தொடக்கம் 2007 வரையான காலத்தில் இங்கே பரவலாகப் பொருத்தப்பட்டது. அந்த இணைப்புகள் உள்ளே அரித்து வெடிக்கும். அதற்காக வீட்டை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் கூட்டுத்தாபனம் எல்லா அலகுகளிலும் மாற்ற முடிவெடுத்தால், நீங்கள் இருக்கும்போதே சுவர்களை உடைப்பார்கள். மாற்றியாயிற்றா, மாற்றப்போகிறார்களா என்று உரிமையாளரைக் கேளுங்கள். கூட்டுத்தாபனம் உரிமையாளர்களுக்கு ஆண்டுக்கு இருமுறை ஒரு தகவல் சான்றிதழ் அனுப்பும்; பெரிய திருத்த வேலைகளுக்கான ஒதுக்கு நிதி, வழக்குகள் பற்றிய விவரம் அதில் இருக்கும். காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. காட்டவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வெப்பமும் குளிரும் பற்றி ஒரு சொல். பல கொண்டோக்களில் ஒரே குழாயில் குளிர்காலத்தில் சுடுநீரும் கோடையில் குளிர்நீரும் வரும். ஆண்டுக்கு இருமுறை கட்டிடம் முழுவதற்கும் மாற்றுவார்கள். ஏப்ரல் கடைசியில் திடீரென்று வெயில் அடித்தால் குளிரூட்டியின் பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் குளிர் வராது. பழுது அல்ல, அமைப்பே அப்படி. தெற்கு, மேற்குப் பார்த்த உயர மாடிகளில் இந்த இரண்டு மூன்று வாரம் கடினம். மின்சாரத்துக்குத் தனி மீற்றரா, வாடகையில் அடக்கமா என்பதையும், தரிப்பிடமும் களஞ்சிய அறையும் ஒப்பந்தத்தில் எண்ணோடு எழுதப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

சமையலறையில் அடுப்புக்கு மேலே உள்ள உறிஞ்சியைப் போட்டு, ஒரு காகிதத் துண்டைப் பிடியுங்கள். புகை வெளியே போகிறதா, அல்லது வடிகட்டி வழியாக உங்கள் முகத்துக்கே திரும்பி வருகிறதா? நம் சமையலுக்கு இது சின்ன விஷயம் இல்லை. செத்தல் மிளகாய் தாளிக்கும்போது புகை கூடிவிட்டால் பல்கனிக் கதவைத் திறவுங்கள். நடைபாதைக் கதவை ஒருபோதும் திறவாதீர்கள். உள்ளே இருக்கும் எச்சரிக்கைக் கருவி உங்கள் வீட்டில் மட்டும் கத்தும், நடைபாதையில் இருப்பது முழுக் கட்டிடத்தையும் எழுப்பித் தீயணைப்பு வண்டியை வரவழைக்கும். அந்தச் செலவை உரிமையாளரிடம் கேட்டு, அவர் உங்களிடம் கேட்ட தகராறுகளை நான் கண்டிருக்கிறேன்.

இடத்தைப் பற்றி. ஸ்காபரோ ஆர்.ரி. ரயில் 2023 ஜூலை 24ஆம் திகதி தடம்புரண்டபின் மீண்டும் ஓடவே இல்லை. இப்போது ஸ்காபரோ சென்ரர் நிலையத்திலிருந்து கென்னடி நிலையத்துக்குப் பேருந்துதான். சுரங்க ரயிலின் இரண்டாம் தடத்தை 7.8 கிலோமீற்றர் நீட்டி, மூன்று நிலையங்களோடு சுரங்கப்பாதை கட்டிவருகிறார்கள். ஒரு நிலையம் உங்கள் வாசலுக்கு அருகில்தான் வரும். விளம்பரங்களில் அதை ஏற்கெனவே வந்துவிட்டது போல எழுதுவார்கள். வராத ரயிலுக்கு இன்றே வாடகை கொடுக்காதீர்கள். ஒரு வேலை நாள் காலை ஏழு மணிக்கு அங்கிருந்து உங்கள் வேலையிடத்துக்கு ஒருமுறை பேருந்தில் போய்ப் பாருங்கள். ரொறன்ரோ மாவட்டப் பள்ளிச் சபையின் இணையத்தளத்தில் முகவரியை இட்டால் மகளின் பள்ளி எதுவென்று வரும். ஆனால் புதிய கோபுரங்கள் எழும் பகுதிகளில், இங்கே குடிவருபவர்களின் பிள்ளைகளுக்கு அருகிலுள்ள பள்ளியில் இடம் இல்லாமல் போகலாம் என்று கட்டுமான வேலிகளிலேயே சபை பலகை வைக்கிறது. எனவே கையெழுத்திடுமுன் பள்ளி அலுவலகத்தை அழைத்து, இந்த முகவரியை அவர்கள் எடுப்பார்களா என்று நேரடியாகக் கேளுங்கள்.

2,300 டொலர் நியாயமா? இதில் நான் முகவர்களைவிடக் குறைவாகவே அறிந்தவன். 2023இல் இருந்த உச்சத்திலிருந்து ரொறன்ரோ கொண்டோ வாடகைகள் இறங்கியிருக்கின்றன, நிறையக் கட்டிடங்கள் ஒரே நேரத்தில் முடிந்து சந்தைக்கு வந்ததால். ஆகவே பேரம் பேச இடமிருக்கிறது. அதே கட்டிடத்தில் இப்போது வாடகைக்கு இருக்கும் மற்ற அலகுகளின் விலையைப் பாருங்கள். அதுதான் சரியான அளவுகோல். ஆனால் 50 டொலர் குறைப்பதைவிட, தரிப்பிடத்தைச் சேர்த்துத் தரக் கேட்பதோ, வீட்டுக்குப் பூச்சு அடித்துத் தரக் கேட்பதோ பல உரிமையாளர்களுக்கு எளிதாக இருக்கும். கட்டுப்பாடு உள்ள வீட்டில் தொடக்க வாடகைதான் வருங்கால உயர்வுகளுக்கெல்லாம் அடித்தளம் என்பதால், இரண்டு மாதம் இலவசம் என்ற சலுகையைவிட மாத வாடகை குறைவதே உங்களுக்கு நல்லது.

விண்ணப்பத்தில் வேலைக் கடிதம், சம்பளத் துண்டு, கடன் அறிக்கை கேட்பார்கள், கேட்கலாம். சமூகக் காப்புறுதி எண்ணைக் கொடுக்கவேண்டிய கட்டாயம் இல்லை. கடன் வரலாறு மோசமாக இருப்பது வேறு, வரலாறே இல்லாதிருப்பது வேறு. இல்லாமையையே குறையாகக் கணக்கில் எடுக்கக்கூடாது என்பது ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழுவின் கொள்கை. குழந்தை இருக்கிறது என்பதற்காக மறுப்பதும் சட்டவிரோதம். அம்மா ஊரிலிருந்து வந்து சில மாதம் தங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். விருந்தினரை வீட்டுக்காரர் தடுக்க முடியாது. ஆனால் ஓர் அலகில் எத்தனை பேர் நிரந்தரமாக வசிக்கலாம் என்று சில கட்டிடங்களில் விதி உண்டு, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம் என்று எதைக் கொடுத்தாலும், மாகாணத்தின் நிலையான வாடகை ஒப்பந்தப் படிவத்தில் இருக்கவேண்டும். 2018 ஏப்ரல் 30 முதல் அது கட்டாயம். தராவிட்டால் எழுத்தில் கேளுங்கள். 21 நாளுக்குள் தராவிட்டால் ஒரு மாத வாடகையை நிறுத்திவைக்கும் உரிமை உங்களுக்கு வருகிறது. அந்த உரிமையைப் பயன்படுத்துமுன் யாரிடமாவது காட்டிப் பேசுங்கள், ஒரு நாள் பிசகினாலும் வாடகை பாக்கி என்று ஆகிவிடும்.

கடைசியாக, உங்கள் பேஸ்மென்ட். அங்கே மாதாந்த வாடகையில் இருப்பதாகச் சொன்னீர்கள். அப்படியென்றால் என்-9 படிவத்தில் 60 நாள் அறிவித்தல் கொடுக்கவேண்டும், அதுவும் வாடகை மாதத்தின் கடைசி நாளில் முடியும்படி. ஜூலை 31இல் வெளியேற வேண்டுமானால் ஜூன் 1ஆம் திகதிக்குள் அது அவர் கையில் இருக்கவேண்டும். கொண்டோ ஒப்பந்தத்தில் இரண்டு பக்கமும் கையெழுத்து விழுந்து, பிரதி உங்கள் கையில் வந்த பிறகே என்-9ஐக் கொடுங்கள். கொடுத்தபின் திரும்பப் பெறுவது அவர் சம்மதித்தால்தான். சரக்கு லிஃப்டையும் அன்றைக்கே பதிவு செய்துவிடுங்கள். ஜூலை 31 எல்லோரும் கேட்கும் நாள்.